திருச்சிச் சீமையில் மான் தேடி

திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மலைக்கோட்டையின் மகிமையையும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் உயரத்தையும் எடுத்துச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரெயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே உச்சிப் பிள்ளையார் தரிசனம் ஜன்னல் வழியாகக் கிடைத்துவிடுகிறது. ஆகையால் அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. யாரும் அதிகமாகக் கேட்காத ஒரு கேள்வியைத் துணையாக வைத்துக்கொண்டு இந்தச் சீமையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று உத்தேசம்.

கேள்வி இதுதான்: "இங்கே மான் வேட்டையாட இடம் உண்டா? வெளியூர்க்காரன் ஒருவன், கையில் வில்லும் அம்புமாக, அதிகப் பணம் செலவழிக்காமல் போய்வரக்கூடிய பொதுக் காடு எதுவும் இருக்கிறதா?"

கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. அந்தத் தேசத்தின் நிலப்பரப்பில் நூற்றுக்குச் சுமார் 28 பங்கு மத்திய சர்க்காரின் வசத்தில் இருக்கிறது. அதில் பெரும் பகுதியில் எந்த ராஜ்யத்துப் பிரஜையும் லைஸென்ஸு வாங்கிக்கொண்டு வேட்டையாடலாம். வில்லாளிகளுக்கென்று தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு லைஸென்ஸுக் கட்டணம் கொஞ்சம். வேறு ராஜ்யத்துக்காரனுக்கு அதைப் போல் பல மடங்கு. அதனால்தான் அங்கே நடுத்தர வருமானமுள்ள ஒருவன் "மலிவான பொது நிலம் எங்கே?" என்று தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடுகிறான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவன் குறிபார்க்கும் மான் சில இடங்களில் நம்முடைய புள்ளிமானேதான்! 1860-களில் ஹவாய்த் தீவுகளின் அரசருக்கு அன்பளிப்பாகப் புள்ளிமான்கள் போய்ச் சேர்ந்தன. 1932-ல் டெக்ஸாஸ் ராஜ்யத்துப் பண்ணைகளில் கொண்டு போய் விட்டார்கள். புலி இல்லாத தேசத்தில் அவை பல்கிப் பெருகிவிட்டன. ஆனால் டெக்ஸாஸில் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் சொத்து. நிலச் சொந்தக்காரனுக்குப் பணம் கட்டாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

சட்டம் சொல்லும் பதில்

பதில் மிகச் சுருக்கமானது: இல்லை. பணம் கொடுத்தாலும் இல்லை, இலவசமாகவும் இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. 1991-ல் வந்த திருத்தம் வேட்டை லைஸென்ஸு என்ற வழக்கத்தையே ஒழித்துவிட்டது. கொல்லுவது மாத்திரம் வேட்டை என்று எண்ண வேண்டாம். கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டிப் பிடிக்க முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தின் பாஷையில் வேட்டைதான். மீறியவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம் கிடைக்கலாம். 2022-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரையில் போகலாம். சில பிராணிகள் விஷயத்தில் தண்டனை இதைவிடக் கடுமை.

இதைக் கொண்டு நாம் தர்மவான்கள், அவர்கள் அல்லர் என்று மார்தட்டிக்கொள்வதற்கு இடமில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் 1877-லேயே நீலகிரியில் வேட்டைச் சங்கம் வைத்தார்கள்; 1879-ல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. துப்பாக்கி பிடித்த கையில் நம்மவர் கையும் உண்டு. அங்கே நிலம் மிகுதி, ஜனங்கள் குறைவு. துப்பாக்கியின் மீதும், பின்னாளில் வில்லின் மீதும் போட்ட வரியே காட்டு மிருகங்களைக் காப்பாற்றும் செலவுக்குப் போகிறது. இங்கே காடு குறைவு, ஜனங்கள் மிகுதி. ஆளுக்கு ஒரு மான் என்று ஆரம்பித்தால் ஒரே வருஷத்தில் மான் என்பது பாடப் புஸ்தகத்துப் படமாகிவிடும். கதவை அடைத்தது நியாயந்தான். ஆனால் அடைத்த கதவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நடக்கும் வேட்டை

வேட்டையே கூடாது என்று சொல்லிவிட்டேனே தவிர, வருஷா வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வேட்டை நடக்கத்தான் செய்கிறது. வேட்டைக்காரர் சாக்ஷாத் நம்பெருமாள். விஜயதசமியன்று அவர் பாரிவேட்டைக்காகக் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். அங்கே அம்பு போடும் வைபவம் நடக்கிறது. அம்பு பறக்கிறது; ஆனால் எந்தப் பிராணிக்கும் காயமில்லை.

காட்டழகிய சிங்கர் என்ற பெயரைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தத் தீவைச் சுற்றிக் காடு அடர்ந்து கிடந்தது என்றும், யானைகளின் உபத்திரவம் தாங்காமல் ஜனங்கள் நரசிம்ம மூர்த்தியைப் பிரதிஷ்டை செய்தார்கள் என்றும் ஸ்தல வரலாறு கூறுகிறது. பக்கத்து ஊரின் பெயரோ திருவானைக்கா. கா என்றால் சோலை. சிவலிங்கத்தைப் பூஜித்த யானையின் கதை அங்கே பிரசித்தம். இன்று காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வீடுகளும் கடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. காடு போய்விட்டது, பெயர் மட்டும் மரம் வெட்டின பிறகும் நிற்கும் அடிக்கட்டை போல நிற்கிறது.

பெரிய கோயிலுக்குள்ளேயும் வேட்டை இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷகிரிராயர் மண்டபத்துக்குப் போங்கள். முன்னங்கால்களைத் தூக்கி ஆகாயத்தில் பாயும் குதிரைகள், மேலே வீரர்கள், அவர்களுடைய ஈட்டி பாய்கிற இடத்தில் வேங்கைகள், கீழே காலாட்கள். எல்லாம் கல். குழந்தைகளைக் கூட்டிச் சென்றால், குதிரையின் சேணத்தையும் வீரனின் தலைப்பாகையையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

அங்கிருந்து தாயார் சந்நிதிப் பக்கம் வந்தால் கம்பர் மண்டபம். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்பது ஐதீகம். அந்தக் காவியத்திலே கதை திரும்புகிற இடம் ஒரு மான் வேட்டை அல்லவா? வில்லுக்கு ஒருவன் என்று பெயர் எடுத்தவனே பொன்மானின் பின்னால் போனதால் வீட்டைப் பறிகொடுத்தான். மானின் அழகில் மயங்கி அதைச் சொந்தமாக்கிக்கொள்ள நினைப்பதில் உள்ள ஆபத்தை இதைவிட அழுத்தமாக யார் சொல்ல முடியும்?

மான் வேட்டையில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பழக்கிய மானைக் காட்டில் கட்டி வைத்து, அதை நாடி வரும் காட்டு மானைப் பிடிப்பார்கள். அப்படிக் கட்டி வைக்கும் மிருகத்துக்குப் "பார்வை" என்று பெயர். மனிதர்களை ஆட்கொள்ள இறைவன் மனித வடிவிலேயே குருவாக வருகிறான் என்பதற்குத் தாயுமானவர் இந்த வேட்டையைத்தான் உவமையாக எடுத்தாண்டார். திருச்சியில் நாயக்கர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். மலைக்கோட்டை ஸ்வாமியின் பெயரைத் தாங்கியவர். வேட்டைக்காரனுடைய தந்திரம் ஞானியின் பாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் மலைக்கோட்டை அடிவாரத்திலும் ஊசிமணி பாசிமணி விற்கிறவர்களைப் பார்க்காதவர் கிடையாது. பேரம் பேசி ஒரு மாலை வாங்கிய பிறகு, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடிப் பக்கம் தேவராயநேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. குழந்தைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிக்கூடமும் உண்டு. வீட்டில் அவர்கள் பேசும் வாக்ரிபோலி, வடநாட்டுப் பாஷைகளோடு உறவுடையது. நம்மோடு பேசும்போது நல்ல தமிழ் பேசுகிறார்கள்.

வேட்டை அவர்களுடைய பொழுதுபோக்கு அன்று; குலத்தொழில். நாட்டுத் துப்பாக்கி, வலை, கண்ணி இவற்றோடு பறவையின் குரலையும் நரியின் குரலையும் அப்படியே எழுப்பி அவற்றைக் கிட்டே வரவழைக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. வயலை அழிக்கும் பிராணிகளை ஓட்டித் தரச் சொல்லிக் குடியானவர்களே அவர்களை அழைத்ததுண்டு. லைஸென்ஸுக் கட்டணம், தேசப்படம் எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கிராமத்துக்கு வெளியே கிடந்த புறம்போக்குதான் அவர்களுடைய பொதுக் காடு.

1972-ல் சட்டம் வந்தபோது ராஜாக்களும் துரைமார்களும் பொழுதுபோக்கை இழந்தார்கள். இவர்கள் அடுப்பை இழந்தார்கள். பணக்காரனின் துப்பாக்கி சுவரில் அலங்காரமாக மாட்டப்பட்டது. ஏழையின் துப்பாக்கி குற்றமாகிவிட்டது. மணி கோத்து விற்பது அவர்களுக்குத் தெரிந்த தொழில்தான். ஆனால் அதை மாத்திரம் நம்பி ஒரு சமூகம் முழுவதும் பிழைக்க வேண்டும் என்பது சட்டம் எழுதினவர்கள் யோசித்த காரியமாகத் தெரியவில்லை. பழங்குடிப் பட்டியலில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாக மன்றாடி வந்தார்கள். அதற்கான மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில். சட்டத்துக்கும் இந்தச் சலுகைக்கும் நடுவே ஐம்பது வருஷம்! அந்த ஐம்பது வருஷத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தாத்தா ஆகிவிட்டது.

மணிமாலை வாங்கும்போது நான்கு ரூபாய் குறைத்துக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் நல்லது.

சிக்கனமாகப் போகக்கூடிய இடங்கள்

வில்லைக் கீழே வைத்துவிட்டவனுக்குத் திருச்சிச் சீமையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் ஸ்ரீரங்கத்தையே முகாமாக வைத்துக்கொள்ளலாம். கொள்ளிடக் கரைப் பக்கம் பஞ்சக்கரைச் சாலையில் 2014-ல் திறந்த யாத்ரி நிவாஸ் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்றது. விசேஷ நாட்களில் முன்னதாக ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

முதல் நாள் காலையில் மேலூர். ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே, இரண்டு நதிகளுக்கும் நடுவில், காப்புக் காட்டில் சுமார் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள், 2015-ல் திறந்தது. நுழைவுக் கட்டணம் சொற்பம். வெயில் ஏறும் வேளையில்தான் வண்ணத்துப்பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும். விடியற்காலையில் போய் ஏமாற வேண்டாம். மாலையில் முக்கொம்பு. காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தில் 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் மதகுகளில் ஒன்பது, 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. ஆறு தன் பலத்தை மறந்துவிடவில்லை என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

இரண்டாம் நாள் துறையூர் மார்க்கம். அங்கிருந்து பச்சைமலை மேல் ஏறலாம். மலையாளிகள் என்று பெயர் பெற்ற மலைவாழ் மக்களின் மரவள்ளித் தோட்டங்களும், மழைக்குப் பின் பெருகும் அருவிகளும் அங்கே உண்டு. இல்லாவிட்டால் கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலைக்குப் போய் ஓடைத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு போன தயிர்ச் சாதத்தைச் சாப்பிடலாம். காட்டுக்குள் நடந்து செல்ல விரும்புகிறவர்கள் வன இலாகாவின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

வில் ஆசை அடியோடு விடாதவர்களுக்கும் ஒரு வழி சொல்லுகிறேன். நாமக்கல் பக்கமாகச் சுற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போங்கள். அது வல்வில் ஓரியின் மலை. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றுப் புலவர் அவனைப் பாடினார். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் சர்க்காரே அவன் பெயரால் விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. குறி பலகையின் மேல்தான். ஆனால் கை நடுங்காமல் நாணை இழுத்து நிற்பதற்குப் பலகை போதும், மான் வேண்டியதில்லை.

மான் இருக்கும் இடம்

மானைக் காணாமல் திரும்புவதா என்று கேட்கிறீர்கள். 1995 வரையில் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்த பெரம்பலூர்ப் பிரதேசத்துக் காடுகளில் இன்றும் புள்ளிமான்கள் உண்டு. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் காட்டோரத்துச் சாலையில் பொறுமையாகக் காத்திருப்பவனுக்குத் தரிசனம் கிடைக்கும். பேச்சுச் சத்தம் கூடாது. பளிச்சென்ற உடை கூடாது. எதுவும் தின்னக் கொடுக்கவும் கூடாது. கலைமானின் கிளைத்த கொம்பு வருஷத்துக்கு ஒரு முறை உதிர்ந்து மறுபடியும் முளைப்பது. உதிர்ந்த கொம்பு வழியில் கிடந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் சர்க்கார் சொத்து.

முறுக்கிய கொம்புள்ள வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் வழியாகக் கோடியக்கரை வரையில் போக வேண்டும். அங்கே 1967-ல் சரணாலயம் ஏற்பட்டது. வெளிமானின் கொம்பு உதிராது, கிளைக்காது. புள்ளிமானும் அதுவும் வேறு வேறு இனம் என்று குழந்தைகள் தெரிந்துகொள்ள அந்த ஒரு கொம்பே போதும்.

ஆனால் பெரம்பலூர் மானின் கதை சந்தோஷமான கதை அன்று. கோடையில் காட்டுக் குட்டைகள் வறண்டதும் அது தண்ணீர் தேடி வெளியே வருகிறது. சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வாகனங்களில் அடிபடுகிறது, நாய்களிடம் சிக்குகிறது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் வாயை வைத்தால் குடியானவனுக்கு நஷ்டம். அவன் வயிற்றெரிச்சலையும் குறை சொல்வதற்கில்லை. அம்பிலிருந்து மானைக் காப்பாற்றச் சட்டம் போதுமாயிருந்தது. தாகத்திலிருந்து காப்பாற்றச் சட்டம் போதாது. குளம் வேண்டும், மேய்ச்சல் நிலம் வேண்டும், காட்டுக்கும் ஊருக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் வேண்டும்.

அந்த வெற்றிடத்தின் பெயர்தான் புறம்போக்கு. வரிக்குப் புறம்பாக விட்டது என்பதே அதன் பொருள். ஏரிக்கரை, ஓடைக்கரை, மேய்ச்சல் தரை, தோப்பு என்று ஊர் முழுவதுக்கும் பாத்தியமான நிலம் அது. நாமோ அந்த வார்த்தையை ஒருவரையொருவர் வைது கொள்ளும் வசவாக்கிவிட்டோம். யாருக்கும் சொந்தமில்லாதது என்று எண்ணியதால் ஆளுக்கொரு வேலி போட்டோம். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எல்லா ராஜ்ய சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு ஏட்டில் இருக்கிறது. வேலியும் பல ஊர்களில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அமெரிக்கக்காரன் வெளி ராஜ்யத்தில் மலிவான பொது நிலத்தைத் தேடுகிறான் என்றால், தேடுவதற்கு அங்கே பொது நிலம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அந்த விஷயத்தில் அவனிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. பொது நிலம் என்பது கேட்பாரற்ற நிலம் அன்று. எல்லோரும் கேட்க வேண்டிய நிலம். திருச்சிக்கு வந்து போகும் ஒவ்வொரு குடும்பமும் ஊர் திரும்பியதும், தன் ஊர்ப் புறம்போக்கு எவ்வளவு, அதில் இன்றைக்கு மிச்சம் எவ்வளவு என்று கிராம நிர்வாக அதிகாரியிடம் ஒரு முறை விசாரித்துப் பார்க்கட்டும். மான் தண்ணீர் குடிக்கும் குட்டையும், மணி விற்கும் குறத்தி இளைப்பாறும் மர நிழலும், நம் குழந்தைகள் காசு கொடுக்காமல் ஓடியாடும் மைதானமும் அந்தக் கணக்குக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன.